பெரிய சட்டியும் சின்னச் சட்டியும்

ஆர்டிஸ் வீட்டில் காலைச் சாப்பாடு முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். உருளைக்கிழங்கைத் தோலோடு அரைவேக்காடாக வேகவைத்து, தண்ணீரை வடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த கிழங்குதான் மறுநாள் சட்டியில் குழையாமல் நிற்கும். சுடச்சுட வெட்டிப் போட்டால் களி கிண்டின மாதிரி ஆகிவிடும் என்பாள். இந்த விஷயத்தில் அவளிடம் யாரும் வாதாடி ஜெயித்ததில்லை.

விடியுமுன் அவள் கணவன் வெர்லின் பால் கறக்கக் கொட்டகைக்குப் போவான். அவள் பெரிய இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றுவாள். முதலில் சாசேஜ். அது கடையில் வாங்கியதல்ல. வருஷா வருஷம் குளிர் இறங்கியதும் வெர்லினும் பக்கத்துப் பண்ணை டெல்மரும் சேர்ந்து ஒரு பன்றியை அடித்து, மிளகும் சேஜ் என்ற வாசனை இலையும் போட்டு அரைத்து, வெள்ளைத் தாளில் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் அடுக்குவார்கள். அது சட்டியில் பொரிந்து கொழுப்பை விடும். கறியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் கொழுப்பிலேயே வெங்காயம், குடமிளகாய், அப்புறம் கிழங்குத் துண்டுகள். கிழங்கைப் பரப்பியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். கிளறக் கூடாது. அடியில் பொன்னிறமாகப் பொருக்குத் தட்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பாதிப் பேருக்கு இந்தச் சமையல் வராததற்குக் காரணமே கை சும்மா இருக்காததுதான். பொருக்குக் கட்டியதும் திருப்பிப் போட்டு, கறியைச் சேர்த்து, நடுநடுவே குழி பறித்து முட்டைகளை உடைத்து ஊற்றி, மேலே சீஸைத் துருவிப் போட்டு மூடிவிடுவாள். சீஸ் இளகும் நேரத்துக்குக் கொட்டகையில் கறவை மெஷின் சத்தம் நிற்கும்.

வெர்லின் வந்து பூட்ஸைக் கழற்றிக் கையைக் கழுவிக்கொண்டு உட்காருவான். வாயில் கொழுக்கட்டையை வைத்திருப்பவன் மாதிரி ஒரு வார்த்தை பேசாமல் தின்பான். ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்து அதையும் வாயில் போட்டுக்கொண்டு, காப்பியைக் குடித்துவிட்டுச் சொல்வான்.

"மோசமில்ல."

எங்கள் பள்ளத்தாக்கில் இதற்கு மேலே பாராட்டு கிடையாது. பெண்ணின் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டாலும் மோசமில்லை, இடுப்பு ஆபரேஷன் எப்படி என்று கேட்டாலும் மோசமில்லை. வீடு பற்றி எரியும்போது கேட்டால்கூட, இதைவிட மோசமாக இருந்திருக்கலாம் என்பார்கள். அதே மாதிரி, யாரிடமும் எதையும் நேராகக் கேட்கவும் மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் மனைவி விட்டுப் போய்விட்டாள் என்று தெரிந்தால், அவன் வாசலில் பிக்கப் வண்டியை நிறுத்தி, இறங்காமலே மழையைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, ஒரு பாத்திரம் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வருவார்கள். இதைத்தான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த நாகரிகத்தைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரிந்தால் அவனிடம் எனக்கு நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.

ஆர்டிஸ் இதில் பிறந்து இதிலேயே வளர்ந்தவள். மேற்கு மேட்டுக்கு அந்தப்புறம் அவள் அப்பாவுக்கும் மாடுகள்தான். பள்ளிக்கூடம் முடித்ததும் சீஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே கூடும் சாராயக் கடையில் வெர்லினைப் பார்த்தாள். அவன் அவளிடம் முதன்முதலில் பேசியது வைக்கோலின் ஈரத்தைப் பற்றி. இரண்டாம் தடவையும் அதைப் பற்றித்தான். மூன்றாம் தடவை அவளே, "வைக்கோல விட்டா வேற எதுவும் தெரியாதா உனக்கு?" என்று கேட்டாள். அவன் காது சிவந்தது. அடுத்த வசந்தத்தில் கல்யாணம் நடந்தது.

பெரிய சட்டி வந்தது கல்யாணத்துக்கு அப்புறம். கீழ்ப்பள்ளத்தில் ஒரு பண்ணையின் சாமான்களை ஏலம் போட்டார்கள். கதிர் அறுக்க வரும் கூட்டத்துக்கெல்லாம் சமைத்த சட்டி அது. இரண்டு கையாலும் தூக்க வேண்டும். ஆர்டிஸ் ஆசையில் கையைத் தூக்கினாள். எதிர்ப்பக்கம் இன்னொருவரும் விடாமல் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் பார்த்தால் அது வெர்லின். அவளுக்கு வாங்கித்தரத்தான் அவனும் ஏலம் கேட்டிருக்கிறான். புருஷனும் பெண்டாட்டியும் போட்டி போட்டு விலையை ஏற்றிக்கொண்ட கதையை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. அதற்குப் பிறகு ஒரே மகள் ஜோலீன் பிறந்து, வளர்ந்து, நகரத்துக்குப் போய்விட்டாள். சட்டி மட்டும் அடுப்பை விட்டு இறங்கவே இல்லை. இரண்டு பேருக்கு அவ்வளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஆர்டிஸ், "அவன் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறவன், நாலு ஆள் வேலை பாக்கறவன்" என்பாள்.

போன கோடையின் கடைசியில் பால் லாரி டிரைவர் வண்டியை அணைக்காமலே இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்ததுமே ஆர்டிஸுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது.

"இந்த ரோட்டுல இனிமே வண்டி வராதுங்க. சின்னப் பண்ணைங்கள்ல பால் எடுக்கறது கட்டுப்படியாகலையாம். மாசக் கடைசி வரைக்கும் வருவேன்," என்றான்.

"நல்லவேளை, முன்னாடியே சொன்ன," என்றான் வெர்லின். டிரைவருக்குக் காப்பி வேண்டுமா என்று கேட்டான்.

வேறு எந்தப் பால் கம்பெனியும் எடுக்கவில்லை. இலைகள் பழுக்கத் தொடங்கியபோது மாடுகளை ஏற்றிப் போக வண்டிகள் வந்தன. ஒவ்வொரு மாட்டையும் வெர்லின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவனே நடத்திக் கொண்டுபோய் ஏற்றினான். கடைசி மாடு ஏற மறுத்து நின்றது. அதன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவனும் நின்றான். வண்டி போனபிறகு கொட்டகையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். நாளைக்கு மாடுகள் திரும்பி வரப்போகிறமாதிரி சுண்ணாம்புத் தூளும் தூவினான். ஆர்டிஸ் சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அவன் உள்ளே வந்தபோது முகத்தைக் கழுவிக்கொண்டு, "குளிர் சீக்கிரம் வந்துடும் போல," என்றாள்.

"ஆமா. வந்துடும்," என்றான் அவன்.

மறுநாளும் அவன் விடியுமுன் எழுந்து கொட்டகைக்குப் போனான். விளக்கைப் போட்டான். மெஷின் சத்தம் வரவில்லை. வழக்கமான நேரத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான். தட்டில் பாதியை மீதி வைத்தான். மோசமில்லை என்று சொல்லவில்லை. அடுத்த நாளும் அப்படியே.

சாப்பிடாத ஆளைப் பார்த்து எந்தப் பெண்ணும் கவலைப்படுவாள். ஆனால் ஆர்டிஸ் பயந்ததற்கு வேறு காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஹாகன் என்ற பண்ணைக்காரன் மாடுகளை விற்ற மாதமே செத்துப்போனான். துப்பாக்கியைத் துடைக்கும்போது தவறுதலாக வெடித்துவிட்டது என்று ஊர் பூசி மெழுகியது. பிறந்ததிலிருந்து துப்பாக்கி துடைத்தவன் அவன். சாவுச் சாப்பாட்டுக்கு சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஆர்டிஸ் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தபோது, ஹாகனின் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். யாரைப் பார்த்தும் இல்லாமல் சொன்னாள்.

"ஒரு மாசமா தட்டுல பாதிய வெச்சிட்டே எந்திரிச்சாரு. ஒடம்பு எளைக்கறதுக்காகன்னு நெனச்சேன். கேக்கல."

ஆர்டிஸ் அந்தப் பேச்சை மறக்கவே இல்லை. இப்போது வெர்லினின் தட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவன் கொட்டகைக்குப் போனதும் நிலவறைப் படிக்கட்டுக்குப் போவாள். படிக்கட்டின் மேலே ஒரு ஆணி. துப்பாக்கி அலமாரியின் சாவி அதில் தொங்கும். சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. சாவியை எடுத்து எங்காவது ஒளித்து வைத்துவிடலாம் என்று தோன்றும். ஒளித்தால், ஏன் ஒளித்தாய் என்று அவன் கேட்பான். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். மான் வேட்டை சீசன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் துப்பாக்கியை எடுத்துத் துடைக்கிற சமயம்.

மகளிடம் போனில் சொன்னாள்.

"அம்மா, நீ அப்பாகிட்ட நேராக் கேளு. செத்துப்போகணும்னு தோணுதான்னு கேளு. கேட்டா ஒண்ணும் ஆயிடாது. கேக்கறதுதான் நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க," என்றாள் ஜோலீன்.

"என்ன பேச்சு பேசற நீ? நாப்பது வருசம் குடும்பம் நடத்தினவகிட்ட இப்பிடியா பேசுவ?"

"நாப்பது வருசத்துல ஒரு தடவையாவது அவரு மனசுல என்ன இருக்குன்னு கேட்டிருக்கியா?"

"கேக்காமலே எனக்குத் தெரியும்டி."

"அப்போ இப்ப சொல்லு. என்ன இருக்கு?"

ஆர்டிஸ் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

டெல்மரும் ஒருநாள் வந்தான். அவன் போன வருஷமே மாடுகளை விற்றவன். வெர்லினும் அவனும் பிக்கப்பில் சாய்ந்துகொண்டு சோளத்தைப் பற்றியும் டயரைப் பற்றியும் நெடுநேரம் பேசினார்கள். போகும்போது டெல்மர் ஆர்டிஸைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அப்புறம் மூடிக்கொண்டு, "எங்கவீட்டுல பூசணிக்கா நெறையக் காய்ச்சிருக்கு. கொண்டாந்து தர்றேன்," என்றான்.

இனி அவள் செய்த காரியத்துக்கு வருகிறேன். இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாதித் தட்டு ஒவ்வொரு நாளும் அவளை அறுத்தது. குளிர்ந்து உறைந்த சீஸோடு அந்தக் கிழங்கை அவளே குப்பையில் தள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் கிழங்கைப் பானையில் போட்டவள், பாதியை எடுத்துத் திரும்பவும் கூடையில் வைத்தாள். மறுநாள் பெரிய சட்டியை எடுக்கவில்லை. ஜோலீன் சின்னப்பெண்ணாக இருந்தபோது ஒற்றை முட்டை பொரிக்க வைத்திருந்த சின்னச் சட்டியைத் தேடி எடுத்தாள். அதில் கொஞ்சம் சாசேஜ், கொஞ்சம் கிழங்கு, ஒரு முட்டை. அவனுக்கு என்ன இறங்குமோ அவ்வளவு மட்டும். வெர்லின் அடுப்பைப் பார்த்தான். உட்கார்ந்து சாப்பிட்டான். தட்டு காலி.

அந்தக் காலித் தட்டைப் பார்த்து அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. அது பொய் என்று அவளுக்குத் தெரியும். அளவைக் குறைத்துவிட்டுக் காலியானதற்குச் சந்தோஷப்படுவது தன்னைத் தானே ஏமாற்றுவது. ஆனாலும் அன்று அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். மறுநாளும் சின்னச் சட்டி, மறுநாளும் காலித் தட்டு. சில நாட்களில் மனசு லேசானது. ஆணியைப் போய்ப் பார்ப்பதை அந்த முதல் காலித் தட்டோடே நிறுத்தியிருந்தாள்.

முதல் பனி விழுந்த காலை. வெர்லின் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தள்ளி வைத்தான். எழுந்திருக்காமல் அடுப்பின் மேலிருந்த சின்னச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அளவு சரியா இருக்கு," என்றான்.

"என்னது?"

"சட்டி. வேல இல்லாதவனுக்கு அது போதும். நீ சரியாத்தான் கணக்குப் போட்டிருக்க." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஆர்டிஸ் பதிலுக்குக் கத்தியிருப்பாள். கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான்.

அவள் அப்படியில்லை வெர்லின் என்று பின்னாலேயே ஓடிச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரி அல்லவா, சொல்ல வேண்டியதைச் சமைத்துத்தான் சொல்வாள். பெரிய சட்டியை இரண்டு கையாலும் தூக்கி அடுப்பில் வைத்தாள். மதியத்துக்கென்று வைத்திருந்த கிழங்கையெல்லாம் வெட்டினாள். ஃப்ரீசரிலிருந்து எடுத்து இளக வைத்திருந்த சாசேஜ் பொட்டலத்தை முழுசாகப் பிரித்துப் போட்டாள். கொட்டகைக்கே தூக்கிக்கொண்டுபோய் அவன் முன்னால் வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். கறி சிவந்தது, எடுத்து வைத்தாள். வெங்காயம் வதங்கியது. கிழங்கைப் பரப்பிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

இனி காத்திருக்க வேண்டும். ஜன்னலில் கொட்டகை தெரிந்தது. கதவு மூடியிருந்தது. பனியில் அவன் கால்தடம் மட்டும் அதுவரை போயிருந்தது. சட்டியில் கிழங்கு சீறிக்கொண்டிருந்தது. எப்போதும் இந்த நேரத்தில் அவள் எதையும் நினைப்பதில்லை. இன்று நினைத்தாள். கடைசியாக ஆணியை எப்போது பார்த்தோம்?

படிக்கட்டுக்குப் போய்ப் பார்த்தாள். ஆணியில் சாவி இல்லை.

கோட்டுப் போடவில்லை. அடுப்பை அணைக்கவில்லை. வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினாள். முழங்கால் வலிக்காரி, மாடிப்படி ஏற யோசிப்பவள், அந்த முற்றத்தை எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கொட்டகைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள்.

அவன் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். எதிரே கடைசி மாடு கட்டியிருந்த காலியிடம். கையில் துப்பாக்கி இல்லை. முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு சுண்ணாம்புத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு? கோட்டு எங்க?" என்றான்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். குளிர் சீக்கிரம் வந்துவிட்டது என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. நாற்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? அதை விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"செத்துப்போகணும்னு நெனைக்கறியா வெர்லின்?"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் நடுங்கினாள். அவன் தன் கோட்டைக் கழற்றி நீட்டினான். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. எப்பிடி இருக்க நீ?"

"மோசமா இருக்கு ஆர்டிஸ்," என்றான். "ரொம்ப மோசமா இருக்கு."

கோட்டின் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். சாவி.

"தொறக்கல. ஒரு தடவகூடத் தொறக்கல. பையில வெச்சிட்டே திரிஞ்சேன். ஒரு நாள் தேவப்படும்போல இருந்துது."

"எப்ப எடுத்த?"

"சின்னச் சட்டி வந்த அன்னிக்கு."

அவள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் தப்பில்ல. அதுக்கு ரொம்ப முன்னாடியே மனசுல இருந்துது. அன்னிக்கு அதப் பாத்ததும், சரி, இவளுக்கும் தெரிஞ்சிடுச்சு, இந்த வீட்டுக்கு நான் இனிமே இவ்வளவுதான்னு..."

"மடையா," என்றாள் ஆர்டிஸ். அழுதுகொண்டே சொன்னாள். "நீ பாதிய வெச்சிட்டு எந்திரிக்கறதப் பாக்க என்னால முடியலடா. ஹாகன் பொண்டாட்டி சொன்னதுதான் காதுல கேட்டுட்டே இருந்துது. தட்டு காலியா இருந்தா நீ நல்லா இருக்கன்னு நெனச்சிக்கலாம்னு பாத்தேன். உனக்குக் கணக்குப் போடல. பயத்துல பண்ணேன்."

"பயமா? சொல்லவே இல்லையே நீ."

"நீ மட்டும் சொன்னியா?"

அப்போது வீட்டுப்பக்கம் புகை அலாரம் கீச்சிடத் தொடங்கியது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சமையலறை ஜன்னல் சாம்பல் நிறமாக இருந்தது.

"என்ன அது?" என்றான்.

"கிழங்கு. அணைக்காம வந்துட்டேன்."

"நீயா? கிழங்க விட்டுட்டா வந்த?"

மாடுகள் போனபிறகு வெர்லின் எதற்கும் அவசரப்பட்டு அவள் பார்க்கவில்லை. இப்போது வாளி உருள எழுந்து, கோட்டை அவள் தோளில் போட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பனியில் ஓடினான். கதவைத் திறந்து, அடுப்பை அணைத்து, பழந்துணியைச் சுற்றிக்கொண்டு சட்டியைத் தூக்கி வெளியே பனியின்மேல் வைத்தான். அது உஸ்ஸென்று ஆவி விட்டபடி இறங்கிற்று. ஜன்னலையெல்லாம் திறந்தார்கள். அலாரம் வாயை மூடுவதாக இல்லை. அவன் துடைப்பக் கட்டையால் அதை ஒரு போடு போட்டான்.

அப்புறம் இருவரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். ஆர்டிஸின் செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. சாவி மேஜையின் நடுவில் கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.

"டெல்மரக் கூப்பிடு," என்றான் வெர்லின். "வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகட்டும். வீட்டுல வேணாம்."

"நான் என்ன சொல்லட்டும் அவன்கிட்ட?"

"இப்ப என்கிட்ட கேட்ட மாதிரியே நேராச் சொல்லு."

அவள் சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டு, டெல்மர், வெர்லினுக்கு மனசு சரியில்லை, துப்பாக்கிகள் இங்கே இருக்கக் கூடாது என்று சொன்னாள். அந்தப்பக்கம் மழையும் இல்லை, பூசணிக்காயும் இல்லை. "வந்துட்டேன்," என்ற ஒரு வார்த்தைதான்.

டெல்மர் வருவதற்குள் வெர்லின் சட்டியை உள்ளே கொண்டுவந்து, கரண்டியால் மேலோடு சுரண்டி எடுத்திருந்தான். கீழே பாதிக் கிழங்கு கரி. மேலே பாதி தேறும். எடுத்து வைத்திருந்த கறியை ஆர்டிஸ் சூடாக்கினாள், முட்டை பொரித்தாள். மூன்று தட்டு வைத்தாள். டெல்மர் தொப்பியை எடுத்துவிட்டு உட்கார்ந்து ஒரு வாய் போட்டுக்கொண்டான். மென்றான். இன்னும் மென்றான்.

"மோசமில்ல ஆர்டிஸ்," என்றான்.

"பொய் சொல்லாத," என்றான் வெர்லின். "கரிக்கட்ட மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு, தன் தட்டில் இன்னொரு கரண்டி எடுத்துப் போட்டுக்கொண்டான்.

துப்பாக்கிகளைப் போர்வையில் சுற்றிப் பிக்கப்பில் ஏற்றினார்கள். டெல்மர் கதவைச் சாத்திவிட்டு உடனே ஏறவில்லை. கையுறையைக் கழற்றினான், மாட்டினான்.

"என்னோடது போன வருசம் குளிர் முழுக்க என் மச்சான் வீட்டுல இருந்துது. ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு உங்கிட்ட சொன்னேன்," என்றான்.

வெர்லின் அவனைப் பார்த்தான். "நான் நம்பினேன்."

"நம்பணும்னுதான சொன்னேன். அன்னிக்கு வந்தப்ப உங்கிட்ட சொல்லிடலாம்னு நெனச்சேன். டயரப் பத்திப் பேசிட்டுப் போயிட்டேன்." டெல்மருக்குக் கண் கலங்கியிருந்தது. "டவுன்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நான் போறவங்க. நாளைக்குக் காலைல நானே வந்து கூட்டிட்டுப் போறேன். சாப்பிட்டுட்டுப் போலாம்."

"சாப்பிடறதுன்னா எங்க? இங்கயா?" என்றான் வெர்லின்.

"பின்ன? என் சமையல நானே திங்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

விஷயத்தைப் போனில் கேட்ட ஜோலீன் ராத்திரிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். அவளுக்கு அறையை ஒழித்து, போர்வை மாற்றி, அந்தப்பக்கம் இந்தப்பக்கம் நடந்ததில் ஆர்டிஸ் பொழுது சாய்ந்ததைக் கவனிக்கவில்லை. பயம் அவளை விட்டுப் போய்விடவில்லை. வெர்லின் கண்ணில் படாமல் ஐந்து நிமிஷம் ஆனால் தேடிப் போனாள். இனி பல நாளைக்கு இப்படித்தான் தேடிக்கொண்டிருக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. நாளைக்கும் கேட்க வேண்டும். நாளன்றைக்கும் கேட்க வேண்டும். சில நாள் மோசமென்றுதான் பதில் வரும்.

சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வேகமாகப் போனாள். வெர்லின் தொட்டியடியில் நின்று கிழங்கு கழுவிக்கொண்டிருந்தான். பெரிய பானையை அடுப்பில் வைத்திருந்தான்.

"இன்னிக்கு நீ இத மறந்துட்ட," என்றான். "நாளைக்கு எத்தன போடணும்?"

ஆர்டிஸ் பக்கத்தில் போய் நின்றாள். கூடையைப் பார்த்தாள், அவன் ஈரக் கையைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் போடு," என்றாள்.